பான்கேக் உப்பவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறைச் சரிசெய்யும் வழி

தோசை நன்றாக வார்க்கத் தெரிந்தவர்கள் கையில்தான் பான்கேக் அதிகமாகச் சொதப்புகிறது. மாவைக் கட்டியில்லாமல் கரைப்பது, முதல் நாளே கரைத்து வைப்பது, கல்லில் ஊற்றிக் கரண்டியால் இழுப்பது, கல் நன்றாகக் காயட்டும் என்று காத்திருப்பது, திருப்பிப் போட்டதும் ஓர் அமுக்கு அமுக்குவது என்று தோசைக்குச் சரியான இத்தனையும் பான்கேக்கைக் கெடுக்கும். தோசை மாவில் நுண்ணுயிர்கள் மணிக்கணக்கில் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் (மாவை இழுபட வைக்கும் கோதுமைப் புரதம்) இல்லாததால் எவ்வளவு கலக்கினாலும் மாவு இறுகாது. அமெரிக்க பாணி பான்கேக்கில் இரண்டுமே தலைகீழ். வாயு வருவது ஆப்ப சோடாவாலும் பேக்கிங் பவுடராலும்தான். போட்டது தீர்ந்தால் அவ்வளவுதான். மைதாவிலோ குளூட்டன் உண்டு, கலக்கக் கலக்க இறுகும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் போய் முடியும்.

முதலில் அளவு

அளவு கையில் இல்லாமல் கோளாறு பார்க்க முடியாது. 10 செ.மீ. அகலத்தில் 9 அல்லது 10 பான்கேக்குக்கு:

மைதா 190 கிராம், சர்க்கரை 2 டேபிள் ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. இவற்றை ஒன்றாகச் சலிக்க வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் கெட்டித் தயிர் 150 கிராம், பால் 150 மி.லி., முட்டை 1, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 30 கிராம். தயிரும் பாலும் முட்டையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். குளிர்ந்த பாலில் உருக்கிய வெண்ணெய் விழுந்தால் மறுபடி உறைந்து துண்டு துண்டாக மிதக்கும், அந்த இடமெல்லாம் கல்லில் எண்ணெய்க் குழியாகும்.

ஈரமானதை உலர்ந்ததில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டி 12 முதல் 15 தடவை கலந்தால் போதும். வெள்ளை மாவு கண்ணில் படாத நிலையில் நிறுத்திவிடுங்கள். பட்டாணி அளவுக் கட்டிகள் தெரியும், தெரியட்டும். பத்து நிமிடம் மூடி வைத்தால் அவை ஊறிக் கரைந்துவிடும். அதன் பிறகு மாவில் கரண்டியைச் சுழற்றக் கூடாது. ஓரமாக விட்டு மொண்டு எடுப்பதோடு சரி.

கப்பால் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 240 மி.லி. கப்பில் மைதாவை ஸ்பூனால் தளர்வாக நிரப்பினால் சுமார் 125 கிராம் பிடிக்கும். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். ஒன்றரைக் கப்பில் 35 கிராம் கூடுதல் என்றால் அது வேறு மாவு. வீட்டு டீஸ்பூன்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை; 5 மி.லி. அளவு ஸ்பூன் ஒரு செட் வாங்கி வைப்பது இந்தப் பலகாரத்துக்கு அவசியமான செலவு.

அறிகுறி: சப்பையாக இருக்கிறது, மேலே குமிழியே வரவில்லை

முதல் சந்தேகம் பேக்கிங் பவுடர் மீது. அரை டம்ளர் சூடான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் போடுங்கள். நல்ல பவுடர் என்றால் விழுந்த உடனே சர்ரென்று சத்தத்தோடு நுரை மேலே ஏறும். இரண்டு குமிழி விட்டு அடியில் தங்கிவிட்டால் அந்த டப்பாவைத் தூக்கிப் போடலாம். ஆப்ப சோடாவுக்குச் சோதனை வேறு: அரை ஸ்பூன் சோடாவில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் பொங்க வேண்டும். காலாவதித் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்த டப்பா குழம்பு கொதிக்கும் ஆவியையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்டதுமே பவுடரில் இருக்கும் அமிலமும் சோடாவும் ஒன்றோடொன்று கலந்து தீர்ந்துவிடும். ஈரக்காற்றுள்ள கடலோர ஊர்களில் திறந்த டப்பா ஆறு மாதம் தாங்கினாலே பெரிது.

இரண்டாவது சந்தேகம், பவுடருக்குப் பதில் சோடா மட்டும் போட்டது. கடையில் ‘பேக்கிங் சோடா’, ‘சமையல் சோடா’, ‘ஆப்ப சோடா’ என்று தருவதெல்லாம் ஒன்றே: சோடியம் பைகார்பனேட். அது வேலை செய்ய மாவில் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் தூளாகச் சேர்ந்தே இருக்கிறது. தயிரில்லாமல் வெறும் பாலில் கரைத்து சோடா மட்டும் போட்டால் உப்பாது, கசக்கவும் செய்யும். ஒரு கப் தயிருக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது ஈடுகட்டும் கணக்கு. அதற்கு மேல் தேவைப்படும் வாயுவைப் பவுடர்தான் தர வேண்டும்.

ஈனோ போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அதில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் இருப்பதால் உப்பத்தான் செய்யும். ஆனால் ஈரம் பட்ட நொடியே மொத்தமும் பொங்கித் தீர்ந்துவிடும். டோக்ளா மாதிரி ஒரே தட்டில் ஊற்றி உடனே ஆவியில் ஏற்றுவதற்கு அது சரி. ஒவ்வொன்றாகச் சுட்டு எடுக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் பான்கேக்குக்குச் சரிவராது.

அறிகுறி: முதல் மூன்று நன்றாக உப்பின, பிறகு சப்பையாகிவிட்டன

மாவு காத்திருந்து களைத்துவிட்டது, அல்லது ஒவ்வொரு முறை மொள்ளும்போதும் கலக்கி இருக்கிறீர்கள். பேக்கிங் பவுடரில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஈரம் பட்டதும் தன் வாயுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். மற்றது பாதியை ஈரத்திலும் மீதியைச் சூட்டிலும் விடும். டப்பாவில் எழுதியிருக்கவில்லை என்றால் ஒரு டீஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் போட்டு நுரை அடங்கும்வரை விடுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைச் சூடாக்குங்கள். மறுபடி நுரைத்தால் இரண்டாவது வகை. முதல் வகை என்றால் பத்து நிமிட ஓய்வை ஐந்தாகக் குறைத்து, இரண்டு கல் வைத்துச் சுட்டுவிடுவது உத்தமம். எந்த வகையானாலும் அரை மணி நேரத்துக்குள் மாவு தீர வேண்டும்.

காலை அவசரத்துக்கு முதல் நாளே தயார் செய்ய வேண்டுமானால், உலர்ந்த பொருள்களைச் சலித்து டப்பாவில் அடைத்து வையுங்கள். ஈரமானதைத் தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். கலப்பது காலையில்தான்.

அறிகுறி: ஊற்றியதும் ஓடிப் பரவி தோசையாகிறது

மாவு நீர்த்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் மோர். ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் வரும் ‘பட்டர்மில்க்’ இன்று பாலில் உறையூற்றிப் புளிக்கவைத்த கெட்டியான திரவம். நம் வீட்டு மோரோ தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்தது. ‘மோர் ஒன்றேகால் கப்’ என்று பெயர்த்துப் போட்ட குறிப்பை அப்படியே நம்பினால் மாவு தண்ணீராகத்தான் இருக்கும். பாதி கெட்டித் தயிர், பாதி பால் என்பதே அதற்கு நெருக்கமான மாற்று. தயிர் இல்லாவிட்டால் ஒரு கப் பாலில் ஒரு டேபிள் ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைக்கலாம். இது தயிரைவிடத் தளர்வு என்பதால் கால் பங்கு குறைத்து ஊற்றிப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

பதம் பார்க்க ஒரே ஒரு கரண்டி ஊற்றினால் போதும். 60 மி.லி. மாவைக் கல்லின் நடுவில் ஒரே இடத்தில் ஊற்றிக் கையை எடுத்துவிடுங்கள். தானாகப் பரவி 10 செ.மீ. அளவில், ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த கனத்தில் நிற்க வேண்டும். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்ந்த பதம். 13, 14 செ.மீ. வரை ஓடினால் ஒரு டேபிள் ஸ்பூன் மைதாவைத் தூவி நாலே தடவை புரட்டுங்கள். ஊற்றிய இடத்திலேயே குவியலாக நின்றால் ஒரு டேபிள் ஸ்பூன் பால். நடுவில் குழிந்த பழைய தோசைக்கல்லில் மாவு எப்போதும் நடுவுக்கே ஓடும். ஓரம் காய்ந்து நடு வேகாமல் கிடக்கும். அதற்குத் தட்டையான கல்லோ நான்ஸ்டிக் தவாவோதான் தீர்வு.

அறிகுறி: ரப்பர் மாதிரி இழுக்கிறது, உள்ளே நீளமான ஓட்டைகள்

மாவை அடித்துவிட்டீர்கள். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்கூட இந்தக் கதிதான். பிட்டுப் பார்த்தால் சிறு சிறு கண்களாக இல்லாமல், அடியிலிருந்து மேல்நோக்கிக் குழாய் மாதிரி ஓட்டைகள் தெரியும். இறுகிய குளூட்டன் வலையைக் கிழித்துக்கொண்டு வாயு வெளியேறிய தடம் அது. கலந்து முடித்த மாவைக் காப்பாற்ற இருபது நிமிட ஓய்வு கொஞ்சம் உதவும். குளூட்டன் தளரும், ஆனால் அதற்குள் வாயுவில் ஒரு பங்கு போய்விடும். அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரைத் தூவி மூன்று புரட்டு புரட்டிச் சுட்டால் சாப்பிடும்படி வரும்.

கலக்கியது சரியாக இருந்தும் இழுக்கிறதென்றால் தீயைப் பாருங்கள். மிகக் குறைந்த தீயில் ஐந்தாறு நிமிடம் கிடந்த பான்கேக் நிறம் வருவதற்குள் காய்ந்து தோலாகிவிடும்.

அறிகுறி: மேலே கருகல், உள்ளே பச்சை மாவு

சமையலறையில் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான், விவரமாகப் பார்க்கலாம். பான்கேக்குக்குக் கல்லின் சூடு 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். தோசைக்கு நாம் விடும் சூடு பெரும்பாலும் இதைவிட அதிகம். தோசை மெல்லியது, மொறுமொறுப்பு வர அந்தச் சூடு தேவை. பான்கேக்கோ உப்பிய பிறகு ஒன்றரை செ.மீ. கனம் இருக்கும், சூடு நடுவைப் போய்ச் சேர நேரம் வேண்டும். சர்க்கரையும் பாலும் இருப்பதால் அடியும் சீக்கிரம் சிவந்துவிடும்.

இரும்புக் கல்லென்றால் சிறிய பர்னரில், மிதமான தீக்கும் சிம்முக்கும் நடுவில் வைத்து ஏழெட்டு நிமிடம் பொறுமையாகக் காய விடுங்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்திலேயே சொய்யென்று கொதித்து இரண்டு மூன்று நொடியில் மறைந்தால் சரியான சூடு. முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம். சத்தமே இல்லாமல் மெல்லக் காய்ந்தால் போதாது. சூடு ஏறிவிட்ட இரும்புக் கல் தீயைக் குறைத்தாலும் உடனே இறங்காது; அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி சோதித்துப் பிறகு ஊற்றுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பில் மெல்லிய தவா வைத்தால் சுருளுக்கு நேர் மேலே மட்டும் வட்டமாகக் கருகும். அடி கனத்த தவா வைத்து, எடுத்தவுடன் அதிக வாட்டில் போடாமல் ஆரம்பத்திலிருந்தே குறைந்த வாட்டில் காய விட்டால் இது குறையும்.

திருப்பும் நேரத்தைக் கடிகாரத்தைவிட மாவின் மேற்பரப்பு நன்றாகச் சொல்லும். ஊற்றி ஒரு நிமிடத்தில் ஓரத்தில் குமிழிகள் வரும். வந்து வெடித்த குமிழியின் குழியை மாவு ஓடி மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. குழி மூடாமல் ஊசித் துளையாகவே நின்று, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய் மங்கினால் அதுதான் பதம். சரியான சூட்டில் இது இரண்டு முதல் இரண்டரை நிமிடத்தில் வரும். திருப்பிப் போட்ட பிறகு ஒன்றரை நிமிடம். இரண்டாவது பக்கம் முதல் பக்கம் போல ஒரே சீராகச் சிவக்காது, அங்கங்கே புள்ளியாக இருக்கும். அதுதான் இயல்பு. ஒரே தடவைதான் திருப்ப வேண்டும். தோசைத் திருப்பியால் அமுக்கினால் அதுவரை கட்டிக் காத்த வாயுவை நீங்களே வெளியே அனுப்புகிறீர்கள்.

அறிகுறி: முதல் பான்கேக் மட்டும் திட்டுத் திட்டாக வருகிறது

கல்லில் எண்ணெய் தேங்கியிருக்கிறது. எண்ணெய் உள்ள இடம் பொரிந்து, இல்லாத இடம் வெளுத்து, வலைபோல் கோடு விழும். அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு டிஷ்யூவாலோ துணியாலோ துடைத்து, மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்படி செய்தால் முதலாவதே கடைக்காரர் சுட்டதுபோல் சீராகச் சிவக்கும். வெண்ணெயைக் கல்லில் போட்டால் அதிலுள்ள பால்சத்து முதலிலேயே கருகிவிடும்; மணத்துக்கு நெய் மேல். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கிக் கல்லில் தேய்க்கும் வழக்கத்தை அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

அறிகுறி: கல்லில் உப்பியது, தட்டில் அமுங்கிவிட்டது

மூன்று காரணங்கள். நடுவைப் பிட்டுப் பாருங்கள். ஈரப் பசையாக ஒரு கோடு தெரிந்தால் வேகவில்லை. தாங்கி நிற்க வேண்டிய மாவு இறுகும் முன்பே எடுத்திருக்கிறீர்கள். தீயைச் சற்றுக் குறைத்து அரை நிமிடம் கூட்டுங்கள். பசை இல்லாமல் வெந்திருந்தும் நடு குழிந்திருந்தால் பேக்கிங் பவுடர் அதிகம். குமிழிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துபோகும். 190 கிராம் மைதாவுக்கு மூன்று டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். மூன்றாவது, சுடச்சுட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்தது. அடியில் இருப்பது ஆவியில் நனைந்து கனத்தில் நசுங்கும். கவிழ்த்து வைத்த சல்லடை மேல் தனித்தனியாகப் பரப்புங்கள், பரிமாறும்போது அடுக்கலாம். ஓவன் இருந்தால் 95 டிகிரியில் கம்பித் தட்டில் வைத்தால் இருபது நிமிடம் வரை சூடாக இருக்கும்.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற ஊர்களில் வேறொரு கணக்கு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அதே அளவு வாயு அங்கே அதிகம் விரியும். மாவு இறுகும் முன்பே குமிழி பெருத்து உடையும். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, பாலை ஒரு டேபிள் ஸ்பூன் கூட்டினால் சரியாகும்.

அறிகுறி: சோப்பு வாடை, கசப்பு, மஞ்சள் புள்ளிகள்

கரையாத சோடா. சோடாவைச் சலிக்காமல் கட்டியோடு போட்டால் புள்ளி புள்ளியாக மஞ்சளடிக்கும். மொத்தமாகவே கசந்து நிறமும் வழக்கத்தைவிடக் கருத்து வந்தால் அளவு அதிகம். காரத்தன்மை கூடினால் மாவு சீக்கிரம் சிவக்கும். ஏற்கெனவே கலந்துவிட்ட மாவென்றால் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் புரட்டி உடனே சுடுங்கள்.

இதற்கு நேரெதிர், வெந்தும் வெளிறிக் கிடப்பது. தயிர் அதிகம் புளித்து சோடா போதாமல் போனாலும், சர்க்கரையைக் குறைத்துவிட்டாலும் இப்படி ஆகும். கால் டீஸ்பூன் சோடாவின் கூடவே ஒரு சிட்டிகை சேர்த்தால் நிறம் வந்துவிடும்.

அறிகுறி: முட்டையில்லாமல் செய்தால் திருப்பும்போது கிழிகிறது

முட்டைப் புரதம் சூட்டில் இறுகித்தான் பான்கேக்கைத் தூக்கி நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் கட்டுக்கோப்பு குறையும் என்று தெரிந்தே இறங்க வேண்டும். முட்டைக்குப் பதில் 50 கிராம் கெட்டித் தயிர் கூட்டி, பேக்கிங் பவுடரை இரண்டரை டீஸ்பூனாக்குங்கள். அகலத்தை 8 செ.மீ.க்குள் வைத்து, சூட்டைக் கொஞ்சம் குறைத்து, திருப்பும் முன் அரை நிமிடம் கூடுதலாகப் பொறுங்கள். வாழைப்பழம் மசித்துப் போடுவது மணத்துக்கு நல்லது, உப்புவதற்கு அல்ல. சின்னப் பழம் ஒன்றுக்கு மேல் போனால் உள்ளே களியாகும். கன்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் வேகும் முன் கருகும்.

கோதுமை மாவில் முழுவதும் செய்யாமல் பாதி மைதா கலப்பதுதான் எங்கள் பரிந்துரை. தவிடு குமிழிச் சுவரைக் கிழிக்கும். சப்பாத்திக்கு அரைத்த மாவு தண்ணீரையும் அதிகம் இழுக்கும். பாலை மூன்று டேபிள் ஸ்பூன் வரை கூட்டி, இருபது நிமிடம் ஊற விடுங்கள். ஆனால் பேக்கிங் பவுடரை அந்த ஊறலுக்குப் பிறகு தூவுங்கள்.

அறிகுறி: ஜப்பானிய சுஃப்லே பான்கேக் சுருங்கிவிடுகிறது

காணொளிகளில் தட்டை ஆட்டினால் குலுங்குமே, அந்த வகை. இதில் உப்ப வைப்பது முட்டை வெள்ளையில் அடித்து ஏற்றிய காற்று. இரண்டு முட்டையின் மஞ்சளோடு 2 டேபிள் ஸ்பூன் பால், 30 கிராம் மைதா, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர். வெள்ளையைச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு அடித்து, 25 கிராம் சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்க்க வேண்டும். அடிப்பானைத் தூக்கினால் முனை லேசாக வளைந்து நிற்க வேண்டும், பளபளப்பும் இருக்க வேண்டும். பஞ்சுப் பிசிறாக உதிர்ந்தால் அதிகம் அடித்துவிட்டீர்கள். மஞ்சளோடு சேராமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். நுரையே ஏறவில்லை என்றால் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு துளி மஞ்சள் கருவோ இருக்கிறது.

நான்ஸ்டிக் தவாவை 150 டிகிரி அளவில் மிகக் குறைந்த தீயில் வைத்து, மாவை உயரமாகக் குவித்து, ஓரத்தில் ஒரு டேபிள் ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடுங்கள். ஒவ்வொரு பக்கமும் நாலைந்து நிமிடம். சூடு ஆறும்போது கொஞ்சம் சுருங்குவது இயற்கை, அதைத் தடுக்க வழியில்லை. பாதிக்குப் பாதி சுருங்கினால் உள்ளே வேகவில்லை; தீயை ஏற்றாமல் மூடியபடி இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள்.

மிஞ்சியதைச் சுட வைத்தால் விறைக்கிறது

சாதாரண பான்கேக் மிஞ்சினால் முழுக்க ஆறவிட்டு, இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடைத்து ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். ஃபிரிட்ஜின் சாதாரண அறையில் வைத்தால்தான் சீக்கிரம் விறைக்கும். மைக்ரோவேவில் 20 நொடிக்கு மேல் விட வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை நேராக டோஸ்டரில் போடலாம். டோஸ்டர் இல்லாவிட்டால் தோசைக்கல்லைச் சிம்மில் வைத்து, மூடி போட்டு, பக்கத்துக்கு ஒரு நிமிடம்.